காட்பாடி – சித்தூர் வழித்தடத்தில் தனியாகப் பயணம்: பெண்கள் பெட்டியா, பொதுப் பெட்டியா?

மஞ்சுளா, சித்தூர்

அனைவருக்கும் வணக்கம். நான் சித்தூரில் பெற்றோருடன் வசித்துக்கொண்டு, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். பகல் பணி என்றால் ரயிலிலும், பணி முடிய இரவாகிவிட்டால் பேருந்திலும் ஊர் திரும்புவது வழக்கம். காட்பாடியிலிருந்து சித்தூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்தத் தொலைவுக்குள் மாநிலம் மாறுகிறது, ரயில்வே கோட்டம் மாறுகிறது, காவல்துறையும் மாறுகிறது. இந்த மூன்று மாற்றங்களும் சேர்ந்துதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கின்றன.

2025 பிப்ரவரி 6 அன்று கோயம்புத்தூர் – திருப்பதி இன்டர்சிட்டி வண்டியின் பெண்கள் பெட்டியில், திருப்பூரிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். ஜோலார்பேட்டையில் உடன் இருந்த பெண்கள் இறங்கிவிட, அங்கே ஏறிய ஒருவன் அவரைத் தாக்கி, கே.வி. குப்பம் அருகே ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். அவர் உயிர் பிழைத்தார். வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து என் தந்தையார், வேலூரிலேயே விடுதியில் தங்கு, இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். விடுதிக் கட்டணம் போக என் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது என்பதை அவரும் அறிவார்.

இந்த வழியில் பயணம் செய்தவர்களிடமும் துறை அறிந்தவர்களிடமும் கேட்க விரும்புவது இதுதான். பெண்களுக்கான பெட்டியில் ஏறுவது நல்லதா, அல்லது கூட்டமுள்ள பொதுப் பெட்டியில் ஏறுவது நல்லதா? காட்பாடியைத் தாண்டியபின் ஏதேனும் நடந்தால் யாரை அழைப்பது, எந்த மாநிலக் காவலரிடம் புகார் கொடுப்பது? இதை வெறும் ஐயமாகக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு பேருந்தில் ஒருவர் தொடர்ந்து தொல்லை கொடுத்ததைப் பற்றிச் சொல்லப் போனபோது, எல்லையின் ஒரு பக்கத்திலிருந்த காவல் நிலையத்தில், "இது எங்கள் எல்லைக்குள் நடந்ததா என்று முதலில் உறுதி செய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஓடுகிற பேருந்தில் எந்த மைல்கல்லுக்கு அருகில் ஒருவர் கை வைத்தார் என்று எப்படி உறுதி செய்வது?

அறிவுரையாக இல்லாமல், செய்யக்கூடியதாக ஏதாவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரதராஜன், அரக்கோணம் (ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு)

மகளே, உங்கள் கேள்விக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதில் உங்களைக் காப்பாற்றாது. எந்தப் பெட்டி என்பதைவிட, அந்தப் பெட்டி எந்த நிலையத்தில் காலியாகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட நிகழ்வு நள்ளிரவில் நடக்கவில்லை. வண்டி ஜோலார்பேட்டைக்கு வந்தபோது காலை பத்து மணிக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அதற்கு முன், 2011 பிப்ரவரி 1 அன்று கேரளத்தில் எர்ணாகுளம் – ஷொறணூர் பாசஞ்சரில் ஓர் இளம்பெண் தாக்கப்பட்டதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரவு வேளை. ஆனால் அங்கேயும் பெண்கள் பெட்டியில் இருந்த மற்றவர்கள் இறங்கிப்போய், ஒரு பெண் தனித்து விடப்பட்டபோதுதான் வெளியாள் உள்ளே வந்தான். இருட்டைப் பார்த்துப் பயப்படுகிற நாம் காலியான பெட்டியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. "நல்லவேளை, உட்கார இடம் கிடைத்தது" என்று மகிழ்ச்சி அடைகிறோம்.

பெண்கள் பெட்டி பற்றி ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பல விரைவு வண்டிகளில் அது தனியான முழுப் பெட்டியாக இருப்பதில்லை. வண்டியின் முனையில், கார்டின் அறையும் சரக்கு அறையும் சேர்ந்திருக்கும் பெட்டியின் ஒரு பகுதியைத் தடுத்துப் பெண்களுக்கென ஒதுக்கியிருப்பார்கள். கார்டு பக்கத்திலேயே இருக்கிறார் என்பது கேட்பதற்கு ஆறுதலாக இருந்தாலும், நடுவில் சுவர் இருக்கிறது. வண்டி ஓடும்போது அவர் உங்களிடம் வரவோ, நீங்கள் அவரிடம் போகவோ வழி இருக்காது. பக்கத்துப் பெட்டிக்கு நடந்து செல்லும் இணைப்பும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே அடுத்த நிறுத்தம் வரை நீங்கள் அந்த நான்கு சுவருக்குள்தான் இருந்தாக வேண்டும். கூட்டம் இருக்கும்வரை அது பாதுகாப்பு. கூட்டம் இறங்கிய மறுநிமிடம் அதுவே பொறியாகிவிடும்.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில், பெங்களூர் செல்பவர்கள் ஜோலார்பேட்டையில் மாறுவதற்காக இறங்குவார்கள். வேலூருக்கு வருபவர்கள் காட்பாடியில் மொத்தமாக இறங்கிவிடுவார்கள். காட்பாடிக்குப் பிறகு கிளைப்பாதையில் ராமாபுரம், பொம்மசமுத்திரம் போன்ற சிறு நிலையங்கள்தான். நீங்கள் காட்பாடியில் ஏறுகிறவர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: எல்லோரும் இறங்கி முடித்தபின் எந்தப் பெட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நடைமேடையில் நின்றே பார்த்துவிடலாம். பெண்கள் பெட்டியில் சித்தூர், பாகாலா, திருப்பதி வரை செல்லும் பெண்கள் நான்கைந்து பேராவது இருந்தால் தயங்காமல் அதில் ஏறுங்கள். ஏறியவுடன் "நீங்கள் எதுவரை போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள், நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இல்லையென்றால், திருப்பதிக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள் அமர்ந்திருக்கும் பொதுப் பெட்டியைத் தேடிச் செல்லுங்கள். இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டே வர நேர்ந்தாலும் பரவாயில்லை.

வண்டி புறப்பட்ட பிறகு நிலைமை மாறினால் அபாயச் சங்கிலியை இழுக்கத் தயங்காதீர்கள். அதை இழுத்தால் சிறை, அபராதம் என்று எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே நம் பெண்களுக்கு அதன்மேல் பயம் வந்துவிட்டது. ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவு தண்டிப்பது போதிய காரணம் இல்லாமல் இழுப்பவர்களை. உங்களை ஒருவன் நெருங்கி வருவதைவிடப் போதிய காரணம் வேறென்ன இருக்க முடியும்? சங்கிலியை இழுத்தவுடன் பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறையும். எஞ்சின் ஓட்டுநருக்கும் கார்டுக்கும் அது உடனே தெரிந்துவிடும். எந்தப் பெட்டி என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்ய ஊழியர் ஒருவர் நேரில் வந்தே தீர வேண்டும். வண்டி அந்த நொடியிலேயே நின்றுவிடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இழுத்துவிட்டு, கதவிலிருந்து விலகி, கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு சத்தம் போடுங்கள். எந்த நிலையிலும் நீங்களாகக் கீழே குதிக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. நிலையத்தில் நிற்கும்போது அச்சம் தோன்றினால், பொதுப் பயணச்சீட்டு வைத்திருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏறிப் பரிசோதகரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். கட்டண வித்தியாசமும் அபராதமும் கேட்கலாம். அபராதம் குறைந்தது 250 ரூபாய். அதைக் கட்டாவிட்டாலும், ஆண் துணை இல்லாமல் பயணம் செய்யும் பெண்ணை நினைத்த இடத்தில் இறக்கிவிட அவருக்கு அதிகாரம் கிடையாது. சந்திப்பு நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் போன்ற இடங்களில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்று ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் இந்தப் பிரிவை அறிந்திருந்த பயணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உஷாராணி, நகரி

ஐயா சொன்னதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "குடும்பத்தோடு செல்பவர்கள் இருக்கும் பொதுப் பெட்டி" என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டது, தினமும் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போகாதவர்கள் சொல்வது. நான் நகரியிலிருந்து அரக்கோணம் சென்று வண்டி மாறிச் சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவள். காலியான பெட்டியில் உயிருக்கு ஆபத்து என்றால், நெரிசலான பெட்டியில் தினந்தோறும் மானத்துக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது உண்மைதான். முன்னது என்றோ ஒருநாள் நடப்பது, பின்னது வாரந்தோறும் நடப்பது. ஆனால் வாரந்தோறும் நடப்பதை யாரும் செய்தியாக எழுதுவதில்லை என்பதால், அது நடக்கவே இல்லை என்பது போல நமக்கு யோசனை சொல்லப்படுகிறது.

மஞ்சுளா, நெரிசலில் என்ன செய்வது என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கதவுக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கவே கூடாது. கையில் சுமை இருந்தாலும் கஷ்டப்பட்டு உள்ளே நகர்ந்து, இருக்கைகளுக்கு இடையில், பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கமாக முகத்தை வைத்து நிற்க வேண்டும். கைப்பையை முதுகில் மாட்டாமல் முன்னால் அணைத்துக்கொள்ள வேண்டும். யாராவது தெரிந்தே உரசினால் முதல் தடவையிலேயே, பெட்டி முழுவதும் கேட்கும்படி, "கையை எடுங்கள்" என்று சொல்ல வேண்டும். எனக்கு இதில் தெலுங்கா தமிழா என்ற குழப்பமே கிடையாது. எங்கள் வண்டியில் இரண்டும் எல்லோருக்கும் புரியும். முதல் தடவை பொறுத்துக்கொண்டு மூன்றாம் தடவை கத்தினால், "இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாய்?" என்று நம்மையே கேட்பார்கள். கேட்பது அநியாயம், ஆனால் கேட்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது வேறொன்று. ஒரே வண்டியில் தினமும் வரும் பெண்கள் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். "இன்று பெண்கள் பெட்டியில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், ஏறிக்கொள்" என்று ஒருத்தி எழுதிவிட்டால் போதும், எந்தப் பெட்டி என்ற கேள்வியே எழுவதில்லை. ஒருத்தி இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கினாளா என்பதையும் குழுவே கேட்டுக்கொள்கிறது. காட்பாடியில் உங்களோடு ஏறும் செவிலியர்களும் கல்லூரிப் பெண்களும் கட்டாயம் இருப்பார்கள். இப்போது முகம் மட்டும் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அவ்வளவுதான். முதலில் பேசுகிறவர் நீங்களாக இருங்கள்.

பாலாஜி, குப்பம்

இந்தத் திரியில் இதுவரை சொல்லப்பட்ட எல்லாமே பெண்கள் செய்ய வேண்டியவையாக இருப்பதால் ஓர் ஆணாக இதைச் சேர்க்கிறேன். பெண்கள் பெட்டியில் ஆண் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி குற்றம். 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், வெளியேற்றவும் செய்யலாம். அம்மாவோடு வரும் 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அபராதம் சிறிய தொகை என்பதாலோ என்னவோ, "வண்டி புறப்பட்டுவிட்டது, அவசரத்தில் ஏறிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த நிலையம் வரை நிற்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்; யாரும் எதுவும் சொல்வதில்லை. நடைமேடையில் நிற்கும் நாம் அதைப் பார்த்தால், 139 என்ற எண்ணை அழைத்து, பாதுகாப்பு உதவிக்கு 1 என்ற எண்ணை அழுத்தி, வண்டி எண்ணையும் நிலையத்தையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். முன்பு பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182 இப்போது இல்லை. 2021 முதல் எல்லாம் 139தான். இன்னும் பல பெட்டிகளில் பழைய எண் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் வீட்டின் முன்புறம் நின்றால் ஒரு மாநிலத்தின் செல்பேசிக் கோபுரம், பின்புறம் நின்றால் இன்னொரு மாநிலத்தின் கோபுரம் என்று செல்பேசி மாறிக்கொண்டே இருக்கும். அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்கும்போது, செல்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டறைக்குத்தான் அழைப்பு போகக்கூடும். ஆகவே பெயரையும் நடந்ததையும் சொல்வதற்கு முன்பு, இடத்தை, மாநிலத்தின் பெயரோடு சொல்லுங்கள். ரயிலில் இருக்கும்போது 139க்கு இந்தத் தொல்லை இல்லை. அது நாடு முழுவதற்கும் ஒன்று. செயலிகளில் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குக் "காவல் உதவி", ஆந்திரக் காவல்துறைக்குச் "சக்தி" என்று தனித்தனியாக உள்ளன. எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் பதிவிறக்கி, பதிவு செய்து, வீட்டில் ஒருமுறை திறந்து பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. ஆபத்து நேரத்தில் கடவுச்சொல் கேட்டால் அந்தச் செயலியால் என்ன பயன்?

ரேவதி, திருத்தணி (வழக்கறிஞர்)

மஞ்சுளா, உங்களைத் திருப்பி அனுப்பிய காவல் நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில் சட்டப்படி தவறானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் பற்றிய தகவலை, அது எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். முன்பு வழிகாட்டுதலாகவும் நீதிமன்ற அறிவுறுத்தலாகவும் இருந்தது இப்போது சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றுவிட்டது. நீங்கள் சித்தூரில் கொடுத்தாலும் அவர்கள் பதிவு செய்து, காட்பாடி ரயில்வே காவல் நிலையத்துக்கு உரியதென்றால் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். எந்த மைல்கல்லில் நடந்தது என்பதைக் கண்டுபிடிப்பது அவர்களின் வேலை, உங்களுடையது அன்று. ஓடும் வாகனத்தில் நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்து சென்ற எந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது.

மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும், இல்லையேல் அது பதிவாகாது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு பலத்தைப் பயன்படுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் வரும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. அத்தகைய புகாரைப் பாதிக்கப்பட்ட பெண் கொடுக்கும்போது பெண் அதிகாரி ஒருவர்தான் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கே சிறைத் தண்டனை உண்டு என்று அதே நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் காவல் நிலையத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரிவின் எண்ணை மென்மையாகக் குறிப்பிட்டாலே போதும் என்பது என் தொழிலில் கண்டது.

ரயிலில் இருந்தபடியே புகார் கொடுக்க விரும்பினால் பயணத்தை நிறுத்த வேண்டிய தேவையில்லை. பரிசோதகர், கார்டு, பாதுகாப்புக்கு வரும் காவலர் ஆகியோரிடம் அதற்கான படிவம் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் உரிய நிலையத்துக்குப் போய்ச் சேரும். பேருந்து பற்றியும் ஒரு தகவல். தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, சீட்டியடிப்பது, சைகை காட்டுவது உட்பட அனைத்தும் தடைசெய்யப்பட்டவை. அப்படிச் செய்பவரை இறக்கிவிடவோ, வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்குக் கடமை உண்டு. பல நடத்துநர்கள் இதை அறிந்திருந்தும், வண்டி தாமதமாகும் என்று இருதரப்பையும் சமாதானம் செய்யவே பார்க்கிறார்கள். சமாதானம் வேண்டாம், இறக்கிவிடுங்கள் என்று நீங்கள் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இன்டர்சிட்டி வழக்கில் 2025 ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் முழுவதும் சிறை என்று தீர்ப்பளித்தது. நிகழ்வு நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வந்தது என்பதை உங்கள் தந்தையாரிடமும் சொல்லுங்கள். இவ்வளவு விரைவாகத் தீர்ப்பு வருவது நம் நாட்டில் வழக்கம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மஞ்சுளா, சித்தூர்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. காட்பாடியில் வண்டி வந்தவுடன் முண்டியடித்து ஏறாமல், எல்லோரும் இறங்கும்வரை நடைமேடையில் நின்று பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்பது இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. உஷா அக்கா சொன்னபடி, என்னோடு ஏறும் இரண்டு செவிலியர்களிடம் பேசிவிட்டேன். ஒருவர் பாகாலா வரை போகிறவர்.

இரவுப் பேருந்து பற்றி ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதலே இருக்கிறது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்தில் இரண்டுமே செல்லாது. அதனால் என்னுடன் பணிபுரியும் சிலர் வேலூரிலிருந்து எல்லைவரை ஒரு பேருந்து, அங்கே இறங்கிச் சோதனைச் சாவடியைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் இன்னொரு பேருந்து என்று வருகிறார்கள். மாதக் கடைசியில் நானும் அப்படி வரலாமா என்று யோசிப்பதுண்டு.

சுமதி, குடிபாலா

அம்மா, நான் அந்தச் சாலையிலேயே குடியிருப்பவள். பகலில் அப்படி மாறி வருவதில் எந்தக் குறையும் இல்லை. கிறிஸ்டியான்பேட்டைப் பக்கமும் நரஹரிபேட்டைப் பக்கமும் கடைகள் திறந்திருக்கும், ஆட்கள் நடமாட்டம் இருக்கும். இரவு எட்டு மணிக்குமேல் அந்தப் பழக்கம் வேண்டாம். அங்கே நிற்பவை பெரும்பாலும் லாரிகள். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மாநிலமும் பெண்களுக்கு இலவசமாகப் பேருந்து விட்டிருக்கின்றன, நடுவிலுள்ள இருட்டுக்கு மட்டும் பொறுப்பேற்க யாரும் இல்லை. கட்டணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பேருந்து வராமல் போனதால் அங்கிருந்து தெரியாத ஷேர் ஆட்டோவில் ஏறிச் சித்தூர் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் என் மகளை அப்படி அனுப்ப மாட்டேன்.

இரவு என்றால் காட்பாடியிலுள்ள சித்தூர் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நேராகச் சித்தூர் போகும் அரசுப் பேருந்தில் கட்டணம் கொடுத்தே ஏறிவிடுங்கள். சாலை ஓரத்தில் கைகாட்டி ஏறுவதைவிட நிலையத்துக்குள் ஏறுவது நல்லது; நடத்துநர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார், உடன் ஏறுபவர்களையும் நீங்கள் பார்த்துவிடலாம். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள வரிசைகளில், பெண்ணுக்குப் பக்கத்தில் அமருங்கள். 2019 முதல் பதிவான பொதுப் போக்குவரத்து வாகனங்களில் அவசரப் பொத்தான் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அது வேலை செய்கிறதா என்று நடத்துநரிடம் கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பயணச்சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், எந்தப் பணிமனைப் பேருந்து என்பதும் புறப்பட்ட நேரமும் அதில் இருக்கும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் எங்கே தங்குவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒருநாள் மட்டும் உடன் பணிபுரியும் ஒருவரின் வீடோ மருத்துவமனையின் ஓய்வறையோ கிடைத்தால், உங்கள் அப்பா மாதம் முழுவதற்கும் விடுதி கேட்க மாட்டார்.

ரேவதி, திருத்தணி (வழக்கறிஞர்)

சுமதி அவர்கள் சொன்ன பயணச்சீட்டுப் படம் புகார் கொடுக்க நேர்ந்தால் சான்றாகவும் பயன்படும். ஆகவே சீட்டைக் கசக்கி எறியாமல் வீடு சேரும்வரை வைத்திருங்கள். சென்ற ஆண்டுப் பேருந்து நிகழ்வைப் பற்றி நீங்கள் இன்னும் புகார் கொடுக்க விரும்பினால், காலம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நடந்ததை எழுதி, தாமதத்துக்கான காரணமாக உங்களைத் திருப்பி அனுப்பியதையும் குறிப்பிட்டு, சித்தூரிலேயே கொடுங்கள். மறுத்தால் அதே தாளை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அவரும் நடவடிக்கை எடுக்காவிட்டால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். பதிவு செய்துவிட்டால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றி உங்களிடம் கொடுக்க வேண்டும். கேட்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள், கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.